நாகமலையும் ஒரு பிடி சிறியாநங்கையும்

கோச்சடை, மதுரை
29 செப்டம்பர் 2024

கடல் கடந்து களை பார்க்கப் போன மருமகள் சத்யப்ரியாவுக்கு, மதுரை – மேலூர் தடத்தின் முடிசூடா மன்னனும், விசிலடித்தால் வைகை வெள்ளமே ஒரு நிமிடம் நின்று போகும் (வெள்ளம் வந்தால்) என்ற பெருமைக்கு உரியவனும், ஓய்வு பெற்ற கண்டக்டருமாகிய உன் தாய்மாமன் மொக்கையன் எழுதிக்கொண்டது.

முதலில் ஒரு சத்தியம் செய்துவிடுகிறேன். இந்தக் கடிதத்திலும் இனி வரும் கடிதங்களிலும் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீ நம்பினால் உன் படிப்புக்குக் கேவலம், நம்பாவிட்டால் உன் மாமனுக்குக் கேவலம். எது வசதியோ பார்த்துக்கொள்.

டீக்கடை ஜெயபாண்டி போனுக்கு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நாகமலை அடிவாரத்தில் நம் புஞ்சையில், மழை பெய்ததும் புல்லோடு புல்லாக முளைக்குமே, விரல் உயரத்தில் மஞ்சளாகப் பூத்துக்கொண்டு, அந்தச் செடியின் பெயரும் பயனும் கேட்டிருக்கிறாய். அதன் அக்காளோ தங்கச்சியோ அயர்லாந்துப் புல்வெளியில் நீலமாகப் பூக்கிறது, இரண்டையும் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறாய் என்பதும் விளங்கியது. பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்பாய். நான் போனில் ரகசியம் பேசினால் வைகைக் கரையில் துணி துவைக்கிறவர்கள் பதில் சொல்கிறார்கள். அடுப்படியில் இருக்கும் உன் அம்மாவுக்குக் கேட்காமல் இருக்குமா?

பெயர் சிறியாநங்கை. வரலாறு வருமாறு. அந்தக் காலத்தில் மதுரையை விழுங்க ஒரு மகாநாகம் மேற்கேயிருந்து வந்தது, சாமி அம்பு விட்டுக் கொன்றார், அது கல்லாகி நாகமலை ஆனது என்று கோயிலில் சொல்வார்கள். சாமியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அம்பு படுவதற்கு முன்பே நாகம் நின்றுவிட்டது. நம் புஞ்சையில் பூத்திருந்த சிறியாநங்கையின் வாடை அதன் மூக்கில் ஏறியது. "இதைத் தாண்டி மதுரைக்குப் போவதற்கு நான் கல்லாகவே கிடந்துவிடுகிறேன்" என்று தலையைக் கீழே போட்டுவிட்டது. என் பாட்டனாருக்குப் பாட்டனார் பக்கத்தில் நின்று பார்த்தார்.

அதனால்தான் நம் ஆட்கள் கொல்லையிலும் வாசலிலும் சிறியாநங்கை வைப்பது. வேலியில் அது இருந்தால் பாம்பு அண்டாது. பாம்பு கடித்தவனுக்கு இலையை மெல்லக் கொடுப்பார்கள். கசந்தால் பிழைத்தான். கசக்கவில்லை, இனிக்கிறது என்றால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய இலை ஒரு பொட்டலம் இத்துடன் வருகிறது.

உன் அம்மா கனகலட்சுமி சௌக்கியம். கோபமும் சௌக்கியம். உன் அத்தை மகன் சிவபாண்டிக்கு உன்னை நிச்சயம் செய்து, பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில், "கல்யாணம் வேண்டாம், களையைப் படிக்கப் போறேன்" என்று நீ விமானம் ஏறினாயே, அன்றைக்கு நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்கத் தலையில் சுமந்துகொண்டு தெரு முழுக்க ஜன்னல் ஜன்னலாகப் பார்க்க நடந்தவள் அவள்தான். உன் அப்பா இருந்திருந்தால் அவர் சுமந்திருப்பார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சிவபாண்டி வேறு பெண்ணைக் கட்டி இரட்டைப் பிள்ளை பெற்று, என்னைக் கண்டால் "சத்யா நல்லாருக்கா மாமா?" என்று கேட்கிறான். அவனுக்கே கோபம் இல்லை. இவளுக்குத்தான். உன் பெயரைச் சொல்வதில்லை. சொல்லியே ஆகவேண்டுமென்றால் "ஒங்க மருமக". அம்புட்டுத்தான்.

இப்படிக்கு,
பொய்யே பேசாத
மாமன் மொக்கையன்


கால்வே, அயர்லாந்து
14 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சத்யா எழுதுகிறேன். நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். நாகத்தின் நலம் தெரிந்துகொண்டேன்.

மாமா, நீங்கள் அனுப்பியது நிலவேம்பு. கடைக்காரர் மேல் குற்றமில்லை, நம் பக்கம் பாதிப் பேர் நிலவேம்பையும் சிறியாநங்கை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது நீங்கள் நாகத்தை நிறுத்திய அந்தச் சின்னச் செடி. பூவைப் பார்த்தால் தெரியும். இரண்டு பக்கமும் முயல் காது மாதிரி இரண்டு இதழ் நிற்கும். வேரை நசுக்கி முகர்ந்தால் சுளுக்குக்குத் தேய்க்கிற தைல வாசனை லேசாக வரலாம். வேரோடு எடுத்து, மண்ணை நன்றாக உதறி, பழைய செய்தித்தாளுக்குள் மட்டமாக வைத்து, மேலே கனமாக ஏதாவது ஏற்றிக் காயவைத்து அனுப்ப வேண்டும். உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று எழுத ஆசை.

இன்னொன்று. பாம்புக் கடிக்கு இலையை மென்று பார்க்கிற வைத்தியத்தை ஆராய்ச்சிக்கு எழுதிக்கொள்கிறேன். ஆனால் தெருவில் யாருக்கும் சொல்லாதீர்கள். கடித்தால் நேராகப் பெரியாஸ்பத்திரி.

மற்ற பெயர்களும் வேண்டும். வேறு என்ன செய்வார்கள் அதை வைத்து? யாரிடமாவது கேளுங்கள். அம்மாவிடம் கேட்க முடியாது என்று தெரியும். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா போனுக்குக் கூப்பிடுகிறேன். மணி அடித்து ஓய்கிறது. ஒருமுறை நீங்கள் எடுத்து "அம்மா குளிக்கிறா" என்றீர்கள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னீர்கள். அவ்வளவு சுத்தமான அம்மா யாருக்கும் வாய்க்காது.

கேட்க மறந்தேனே. என் கடிதத்தை நீங்கள் மனசுக்குள்தானே படிக்கிறீர்கள்?

அன்புடன்,
சத்யா


கோச்சடை
3 நவம்பர் 2024

அறிவில் ஆழ்கடலே, அம்மாவின் பிடிவாதத்தில் பாதியைச் சீராகக் கொண்டுபோன மருமகளே,

தீபாவளி முடிந்தது. உன் அம்மா அதிரசம் சுட்டாள். ஒன்று தவறி விழுந்து அடுப்படித் தளத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. மற்றபடி சுவை.

உன் கடிதத்தை மனசுக்குள்தான் படித்தேன். என் மனசு கொஞ்சம் சத்தமானது. ஆயுசு முழுக்க "ஒத்தக்கடை, மேலூர், மேலூர், மேலூரேய்" என்று கத்திய மனசு அது, திடீரென்று எப்படி மெதுவாகப் படிக்கும்?

"நீங்கள் அனுப்பியது நிலவேம்பு" என்ற இடம் வரும்போது உள்ளே குக்கர் விசிலடித்தது. உன் அம்மா அந்தக் குக்கரைப் பார்த்துச் சொன்னாள்:

"நெலவேம்பக் கொண்டுபோயி நங்கைன்னு அனுப்புற கிறுக்கனும் உண்டா ஒலகத்துல? பூவப் பாத்தாத் தெரியாது?"

குக்கர் பதில் சொல்லவில்லை. எனக்கு ஏன் வம்பு என்று நானும் சொல்லவில்லை. முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ கேட்ட வரியை, வெளிச்சம் மங்கலாக இருந்ததால் மூன்று தடவை படிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் தடவைக்கு உன் அம்மா, "முட்டின்னு இருந்தா வலிக்கத்தேன் செய்யும்" என்றாள். இதுவும் குக்கரிடம்தான். இனிமேல் நீ உறை மேல் என் பெயரை எழுதுவதா குக்கர் பெயரை எழுதுவதா என்று யோசித்துக்கொள்.

பெயர் விசாரணைக்கு நாகமலை அடிவாரத்துக்கே போனேன். நம் புஞ்சையில் ஆடு மேய்க்கிற ராக்கம்மாளிடம், "ஏத்தா, இந்தச் செடிக்கு உங்க பக்கம் என்ன பேரு?" என்றேன்.

"புல்லுக்கு என்னய்யா பேரு? ஆடு திங்கும், இல்ல திங்காது. அம்புட்டுத்தேன்."

"இது திங்குமா?"

"எங் கெடா ஒன்னயவே திங்கும். வெலகி நில்லு."

இதை உன் ஆராய்ச்சியில் சேர்ப்பாயோ மாட்டாயோ, கிடாய் என் வேட்டியின் ஓரத்தைச் சேர்த்துக்கொண்டது. நான் திரட்டிய பெயர்கள்: சிறியாநங்கை. மிளகுநங்கை. கொஞ்சம் வளர்ந்த உறவுக்காரி பெரியாநங்கை. அப்புறம், மேற்கே சில மேட்டுக்காட்டு ஆட்கள் மட்டும் ரகசியமாகச் சொல்லும் பெயர், மாமியார் வாய். மென்று பார்த்தால் காரணம் தெரியும்.

காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பார்கள். இன்னொரு உபயோகம் உனக்கே தெரியும், நினைவிருக்க வாய்ப்பில்லை. பால் மறக்கடிப்பது. பிள்ளைக்குப் பால்குடி மறக்கவைக்கும் வயசு வந்தால் இந்த இலையை அரைத்துத் தாய் மாரில் பூசிக்கொள்வாள். பிள்ளை வந்து வாய் வைக்கும், கசக்கும், அழும், இரண்டு நாளில் மறந்துவிடும். கோச்சடையில் எல்லாப் பிள்ளைக்கும் பலித்தது. உனக்கு உன் அம்மா பூசினாள். நீ வாய் வைத்தாய். முகம் வாடிய கத்திரிக்காய் ஆனது. நேராக நடந்து போய், தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து, சேலை முந்தானையை நனைத்துக் கொண்டுவந்து, கசப்பை நீயே துடைத்துவிட்டு, மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாய். மறுநாளும் பூசினாள். மறுநாளும் துடைத்தாய். கடைசியில் நங்கைச் செடிதான் தோற்றது. இதில் செம்பு, சேலை எல்லாம் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். என் வழக்கம் தெரியுமே.

சரியான செடி சீக்கிரம் வரும்.

இப்படிக்கு,
வேட்டி ஓரம் இழந்த
மாமன்


கால்வே
17 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு (குக்கருக்கும்),

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துச் சிரித்ததில், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஒரு விபரீதம் நடந்துவிட்டது. நீங்கள் எழுதிய பெயர்களை அப்படியே அட்டவணையில் போட்டு எங்கள் பேராசிரியருக்குக் கொடுத்தேன். வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் "மாமியார் வாய்" என்பதன் அர்த்தத்தைக் கேட்டார். சொன்னேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயது, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இந்தப் பெயர் உள்ள செடியை உடனே நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். மாமா, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அது நிஜமான பெயர்தானே?

இங்கே இந்தச் செடிக்கு என்ன பெயர் தெரியுமா? பால் பூண்டு என்பது மாதிரி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காக அந்தக் காலத்தில் இதைக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள். மாடு மேய்ந்தால் பால் கூடும் என்றும் நம்பிக்கை. காட்டில் இருக்கும் குட்டித் தேவதைகள் இதன் வேரைத்தான் சோப்பாகத் தேய்த்துக் குளிப்பார்களாம். (அம்மா இவ்வளவு நேரம் குளிப்பதற்கு இப்போது காரணம் தெரிகிறது.) ஒரே குடும்பத்துச் செடி, இங்கே பால் வரவைக்க, அங்கே பால் மறக்கடிக்க. இதையே ஒரு அத்தியாயமாக எழுதப்போகிறேன்.

செம்பும் சேலையும் நீங்கள் கூட்டிச் சொன்னதாகவே இருக்கட்டும். கசப்பைப் பூசியும் நான் விடவில்லை என்பது மட்டும் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. இப்போதும் அப்படித்தான் என்று குக்கரிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் மதுரை வருகிறேன். செடியை அது முளைக்கும் இடத்திலேயே பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். பொங்கல் வரை இருப்பேன். பசுமலையில் ஒரு கல்லூரியின் விருந்தினர் அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கோபப்படாதீர்கள் மாமா. போனை எடுக்காத வீட்டுக்குள் எப்படிப் பெட்டியோடு நுழைவது? அந்தத் தட்டை அம்மா தனியாகச் சுமந்தாள் என்பது எனக்குத் தினமும் ஞாபகம் வருகிறது. கல்யாணம் வேண்டாம் என்றதற்கு வருத்தமில்லை. நானும் அவளோடு நடந்து போய்த் தட்டைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதற்கு வருத்தம். அம்மா கூப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. நான் இன்னும் அவள் மகள்தான் என்று தெரிந்தால் போதும், பசுமலையை ரத்து செய்துவிடுவேன். தெரியாமல் வீட்டுக்கு வர மாட்டேன்.

அன்புடன்,
சத்யா


கோச்சடை
2 டிசம்பர் 2024

பசுமலைச் சீமாட்டிக்கு,

கோச்சடையில் ஓட்டு வீடும், ஓட்டு வீட்டுக்குள் உன் கட்டிலும், கட்டிலுக்கு அடியில் நீ ஆறாம் வகுப்பில் ஒளித்து வைத்த புளியங்கொட்டைகளும் இருக்க, பசுமலையில் அறையா? பசுமலை என்றால் என்னவென்று நினைத்தாய்? நாகம் போதாதென்று எதிரிகள் ஏவிவிட்ட மாயப் பசு வந்து கல்லான இடம். பசுவே அங்கே போய்க் கல்லானதுதான் மிச்சம். நீ போய் என்ன ஆகப்போகிறாய்?

என் கோபம் இத்துடன் தீர்ந்தது. இரண்டு வரிக்கு மேல் எனக்குக் கோபம் தாங்காது. உன் அம்மாவின் செய்தியைக் கேள்.

கடிதத்தை வழக்கம்போல மனசுக்குள் படித்தேன். குட்டித் தேவதை குளிக்கிற இடத்தில் உள்ளே பாத்திரம் ஒன்று சிரித்தது மாதிரி சத்தம் கேட்டது. "பசுமலையில் ஒரு கல்லூரியின் விருந்தினர் அறை" என்று வந்ததும் அடுப்பை அணைக்கிற சத்தம். கடைசி வரை படித்தேன். தட்டு வருகிற இடத்தை இருமி இருமிச் சமாளித்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் குக்கர் மட்டும் இருக்கிறது. கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்தா?" என்றேன்.

"ஒங்க மருமகளுக்கு ஊருல வீடா இல்ல?" என்றாள்.

"அத நீ கேக்கணும்" என்றேன்.

"நான் எதுக்குக் கேக்கேன். நீங்கதேன் ஊருக்கே கேக்குறாப்புல பேசிக்கிடுறீங்க."

அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் எழுத மாமன் இருந்திருக்க மாட்டான்.

மாமியார் வாய் பற்றிக் கேட்டிருந்தாய். கண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னாய், நடுவில் சமுத்திரம் இருப்பதால் முடியவில்லை. ஆனால் ஒன்று. நான் அதை ஜெயபாண்டி டீக்கடையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இப்போது கடைக்கு வருகிறவனெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறான். நேற்று ஒருத்தன் எனக்கே விளக்கம் சொல்கிறான், அவன் பூட்டன் காலத்துப் பெயராம். எழுதும்போது பொய்யாக இருந்திருக்கலாம், உன் கைக்கு வரும்போது மெய்யாகிவிட்டது. பெயரை அடித்துவிடாதே, அட்டவணையிலேயே இருக்கட்டும்.

செடிகள் இத்துடன் வருகின்றன. முயல் காது இருக்கிறதா பார். நான் தனி ஆளாக நாகமலை உச்சி வரை ஏறி, பள்ளத்தாக்கில் தொங்கி, பல்லால் கடித்து இழுத்துப் பிடுங்கினேன். மண்ணை உதறியதும் நான். தாளில் வைத்து அம்மிக்குழவியை ஏற்றிக் காயவைத்ததும் நானே நானே.

இப்படிக்கு,
மலையேறி
மாமன் மொக்கையன்


கால்வே
16 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

செடிகள் வந்தன. எல்லாம் சரியான செடி. ஒரு வேர் கூட அறுபடவில்லை. ஒரு பூ கூட மடங்கவில்லை. முயல் காதுகள் விரிந்து நிற்கின்றன. பேராசிரியர் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகாகக் காயவைத்தவர் யார் என்று கேட்டார். என் மாமா என்று சொல்ல நாக்கு வரவில்லை. உங்களுக்கு வேட்டியே ஒழுங்காக மடிக்க வராது.

கட்டுகளை வாழைநாரால் கட்டியிருக்கிறது. பூக் கட்டுகிற முடிச்சு. நம் தெருவில் எல்லோரும் கட்டுகிற மாதிரி இல்லை, தலைகீழாக, இடது பக்கமாகச் சுற்றி இறுக்கியிருக்கிறது. இடது கையால் பூக் கட்டுகிறவள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான். பள்ளிக்கூடம் போகிறபோது தினமும் என் சடையில் இந்த முடிச்சுதான் இருக்கும். அவிழ்க்கத் தெரியாமல் சாயங்காலம் கத்தரித்து எடுப்பேன்.

இதையும் என்னால் அவிழ்க்க முடியவில்லை. கத்தரிக்கவும் மனசில்லை. இரண்டு கட்டு அப்படியே மேசையில் இருக்கிறது. ஆய்வகத்தில் ஏன் பிரிக்கவில்லை என்று கேட்கிறார்கள்.

மாமா, உங்கள் பொய் எனக்கு உயிர். சின்ன வயசில் அதைக் கேட்டுத்தான் சோறு தின்றேன். ஆனால் இந்த ஒரு தடவை மட்டும் வேண்டாம். நீங்கள் சொன்னதற்காக அம்மா வேண்டாவெறுப்பாகக் கட்டிக் கொடுத்தாளா? அல்லது அவளாகவேயா? இரண்டும் ஒன்றில்லை. ஜனவரி பத்தாம் தேதி வந்து இறங்குகிறேன். ஆட்டோக்காரரிடம் பசுமலை என்று சொல்வதா, கோச்சடை என்று சொல்வதா, உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது.

அன்புடன்,
சத்யா


கோச்சடை
27 டிசம்பர் 2024

என் கண்ணு சத்யாவுக்கு,

பொய் இல்லாமல் எழுது என்கிறாய். உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் உடம்பெல்லாம் நடுங்கி, வேர்த்து, டீக்கடை வரை நடந்து போய் ஜெயபாண்டியிடம் இரண்டு பொய் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. இந்த வயசில் பத்தியம் மாற்றினால் உடம்புக்கு ஆகாது. ஆகவே எனக்குத் தெரிந்த மாதிரியே எழுதுகிறேன்.

பசுமலைக் கடிதம் வந்ததற்கு மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக உன் அம்மா குடையோடு வாசலில் நிற்கிறாள். "அண்ணே, வண்டிய எடுங்க" என்றாள். எங்கே என்று கேட்டேன். "எடுங்கன்னா எடுங்க." என் மொபெட்டைப் பற்றி உனக்குத் தெரியும். அதன் வேகத்தைக் கண்டு மதுரைக்கு வரும் விமானங்கள் வெட்கப்பட்டுத் தரையிறங்கும். அன்றைக்கு உன் அம்மா பின்னால் உட்கார்ந்து குடையை விரித்துவிட்டாள். காற்றுப் பிடித்துக்கொண்டது. வண்டி கோச்சடையில் தரையை விட்டது, நாகமலை அடிவாரத்தில் தரையைத் தொட்டது. நடுவில் பார்த்ததெல்லாம் மேகம்.

நம் புஞ்சையில் மழைப் புல் கரண்டைக்கால் உயரம். முட்டிவலிக்காரி குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. சூரியன் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு, "இந்தம்மா இன்னும் இங்கேயா இருக்கு?" என்று திரும்பிப் போனான். நான் பிடுங்கிக் காட்டியதை எல்லாம் "அது இல்ல", "அதுவும் இல்ல", "ஒங்களுக்குக் கண்ணு எதுக்கு இருக்கு?" என்று தூக்கி எறிந்தாள். கடைசியில் பாறை இடுக்கில் ஒரு கொத்து, மஞ்சள் மஞ்சளாக.

கையை நீட்டினாள். அப்போதுதான் அது எழுந்தது.

மகாநாகம். கல்லாகிக் கிடந்ததே, அதே நாகம். மலை அசைந்தது. படம் விரித்ததும் பசுமலை வரை நிழல் விழுந்தது. கீரிகள் கூட்டமாக வந்து, படத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டமாகவே போய்விட்டன. உன் மாமன், மேலூர் தடத்தின் முடிசூடா மன்னன், மொபெட்டுக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்று நிலைமையைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

நாகம் அந்தக் கொத்தின் மேல் வாயை வைக்கப் போனது. உன் அம்மா குடையை மடக்கினாள். ஓங்கினாள்.

"ஏய்! எம் மக கேட்டிருக்கா. அங்கிட்டுப் போ!"

நாகம் ஆடிப்போய்விட்டது. சாமி அம்புக்குக்கூட அப்படி ஆடியிருக்காது. தலையைக் கவிழ்த்து, "தாயே, தெரியாமல் செய்துவிட்டேன்" என்று நல்ல தமிழில் மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் மலையாகப் படுத்துக்கொண்டது. நீ வந்து பார்க்கலாம், இன்னும் படுத்துத்தான் இருக்கிறது.

உன் அம்மா செடியை வேரோடு எடுத்தாள். சரியான செடிதானா என்று ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். விஷம் ஏறியவளுக்குக் கசக்காதே, இனிக்குமே என்று எனக்குப் பயம்.

"கசக்குதா?" என்றேன்.

"கசக்காமெ?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "என்னா கசப்பு. இதத்தேன் தொடச்சிட்டுத் தொடச்சிட்டு வந்து படுத்தாளே."

நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் பார்க்கப் பிடிக்கும் எனக்கு.

கதை முடிந்தது. முதல் கடிதத்தில் சத்தியம் செய்தபடி நம்ப முடியாத கதை. நம்பாதே. இனி பாக்கியை ஒப்படைத்துவிடுகிறேன். வண்டி பறக்கவில்லை, செக்போஸ்ட் பக்கம் நின்றுபோய் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். சூரியன் ஒரே தடவைதான் வந்தான். கீரிகளும் வரவில்லை. அங்கே எழுந்து நின்றது நாகமே இல்லை, ராக்கம்மாளின் கிடாய், என் வேட்டியைத் தின்ற அதே பாவி. அது மன்னிப்பும் கேட்கவில்லை.

ஆனால் குடையை ஓங்கிக்கொண்டு அவள் சொன்னதில் நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை மருமகளே. இரண்டு வருஷமாக "ஒங்க மருமக" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது. அந்த ஒன்றை நானாக இட்டுக்கட்ட, அம்புட்டுக் கற்பனை எனக்கு ஏது?

இப்படிக்கு,
மாமன் மொக்கையன்